கீழாநெல்லி: ஒரு சென்னை ஆய்வும் அதன் பின்கதையும்

கல்லீரல் நோய்ப் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் நோயாளிகளின் குடும்பத்தினர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி, நாளிதழ்களில் வரும் புதிய மருந்துகளைப் பற்றியதன்று. "கீழாநெல்லி கொடுக்கலாமா, டாக்டர்?" என்பதே அது. சிலர் வெளிப்படையாகக் கேட்கின்றனர். சிலர், மருத்துவர் சினந்துகொள்வாரோ என்று தயங்கிச் செவிலியரிடம் தனியே கேட்கின்றனர். இன்னும் சிலர் கேட்பதேயில்லை. கொடுத்துப் பார்த்துவிட்டுப் பத்து நாள் கழித்து வருகின்றனர்.

இந்த இதழுக்காகக் கல்லீரல் ஆய்வுகளில் அண்மைக்கால முன்னேற்றங்களைப் பற்றி எழுதுமாறு எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது பொருத்தம் என்று கருதுகிறோம். இக்கேள்விக்கு உலக மருத்துவ ஆய்வு ஒருமுறை விடை தேடியது. அந்தத் தேடல் தொடங்கியது அமெரிக்காவிலும் சென்னையிலும்தான். அதன் முதற்பாதி நம் ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. பிற்பாதி தெரிந்திருக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையின் இருபுறமும் மழைக்காலம் முடிந்தவுடன் வரப்பு வரப்பாகக் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். இலைக்காம்பின் அடிப்புறத்தில் சிறு நெல்லிக்காய் போன்ற காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர். வேரோடு பிடுங்கி, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். உப்பில்லாப் பத்தியமும் அதனோடு சேர்ந்துவரும். கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல பயனே கிடைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் கண்ணில் மஞ்சள் குறைந்தது, பசி எடுத்தது, பிள்ளை எழுந்து நடமாடியது. இதைக் கண்ணால் கண்ட ஒரு பாட்டியிடம் "அது மருந்தே அன்று" என்று சொல்வதில் பயனில்லை.

ஆனால் அவர் கண்டது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். நம் பகுதியில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் காமாலையில் பெரும்பங்கு, கழிவுநீர் கலந்த குடிநீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்னும் இரண்டு வைரஸ்களால் வருவது. இவை கல்லீரலில் நிலையாகக் குடியேறுவது மிக அரிது. உடலின் எதிர்ப்பாற்றல் சில வாரங்களில் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோர் தாமாகவே குணமடைகின்றனர். நாங்களும் அவர்களுக்கு ஓய்வு, போதிய உணவு, நீர், கவனிப்பு ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் கொடுப்பதில்லை. ஆகவே, தானாக இறங்கப்போகும் மஞ்சளுக்கு எதைக் கொடுத்தாலும் அது வென்றதாகத்தான் தோன்றும். எங்கள் வைட்டமின் மாத்திரைக்கும் இதே நற்பெயர் கிடைத்திருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு முற்றிலும் மாறானது ஹெபடைடிஸ் பி. இது இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. சிலருடைய கல்லீரலில் இது வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. பல்லாண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் இருந்து, பின்னர் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் இந்த வைரஸைச் சுமந்திருந்தனர். கீழாநெல்லியைப் பற்றிய பெரிய ஆய்வு நடந்தது இந்த வைரஸின்மீதுதான்.

இந்த வைரஸைக் கண்டறிய வழிதிறந்தவர் அமெரிக்க ஆய்வாளர் பாரூக் பிளம்பெர்க். 1960-களில், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் அவர் கண்ட ஒரு புரதமே பின்னாளில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று தெளிவாயிற்று. இன்று இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்று நீங்கள் காண்பது அதுவே. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதோடு நிற்கவில்லை. உலகின் பல நாடுகளில் காமாலைக்கு வழங்கிவந்த மூலிகைகளை அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். அவற்றுள் கீழாநெல்லி இனம் ஆய்வுக்கூடத்தில் வைரஸின் ஒரு முக்கிய நொதியைத் தடுப்பதாகவும், இதே வகை வைரஸ் தாக்கிய வட அமெரிக்க மர்மோட் என்னும் விலங்குகளில் பயன் தருவதாகவும் 1987-இல் எழுதினர்.

அதற்கு அடுத்த படியைச் சென்னையில் எடுத்துவைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில், பிளம்பெர்க்கும் இணைந்து நடத்திய ஆய்வு 1988-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்தனர்; ஒப்பிடுவதற்காக வேறு சிலருக்கு மருந்தில்லாத வெற்றுத் தூளைக் கொடுத்தனர். மருந்து முடிந்து 15 முதல் 20 நாள் கழித்துச் சோதித்தபோது, கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்த மேலுறைப் புரதம் காணப்படவில்லை. அதாவது 59 விழுக்காடு. வெற்றுத் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது.

மருத்துவம் படித்தவர்களை இந்த எண் ஏன் திகைக்கவைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் அந்தப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே. வயல் வரப்பில் விளையும் செடி ஒரே மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களிடமிருந்து அதை அகற்றியது என்றால், அது இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் மருத்துவக் கண்டுபிடிப்புகளில் ஒன்றாகியிருக்கும். நம் ஊர் இதழ்கள் கொண்டாடியதில் வியப்பில்லை. இன்றும் மூலிகை மருந்துப் புட்டிகளின்மேல் 'உலக ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் மனத்தில் கொண்டிருப்பது இந்த ஆய்வைத்தான்.

இனிப் பிற்பாதி. 1990-இல், அதே லான்செட் இதழில், தாய்லாந்து மருத்துவர்கள் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். அங்கே விளைந்த அதே இனச் செடியை, அறிகுறியற்ற ஹெபடைடிஸ் பி சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அந்தப் புரதம் மறையவில்லை என்பதே அவர்கள் கண்டது. பின்னர் வேறு நாடுகளிலும் செய்து பார்த்தனர். சென்னையில் கண்ட விளைவை யாராலும் உறுதியாக மீண்டும் காட்ட இயலவில்லை. ஊருக்கு ஊர் மண்ணும் பருவமும் மாறும்போது செடியின் சத்தும் மாறுகிறது என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அது பொருளற்ற விளக்கமன்று. மூலிகை ஆய்வுகளின் உண்மையான இடர்ப்பாடே அது. எனினும், 2011-இல் காக்ரேன் அமைப்பினர் இவ்வின மூலிகைகளைக் குறித்து அதுவரை நடந்த 16 ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிப் பார்த்துவிட்டு, நாட்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இம்மூலிகை பயன்படும் என்று சொல்லத் தக்க நம்பகமான சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தனர்.

இதைக் கூறும்போது சென்னை ஆய்வாளர்களைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். எங்கள் கருத்து அதற்கு நேர் எதிரானது. 'எங்கள் முன்னோர் சொன்னார்கள், அது போதும்' என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வெற்றுத் தூளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், கிடைத்த எண்களை உலகத்தார் முன்வைத்தார்கள், பிறர் செய்து பார்த்து மறுக்கவும் இடம் கொடுத்தார்கள். ஆய்வு என்பது இதுதான். குறை இருப்பது முதல் ஆய்வை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அதற்குப் பின் வந்தவற்றை மறந்துவிடும் நம்மிடத்தில்.

2022-இல் வந்த ஒரு முடிவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெபிரோவிர்சென் என்னும் புதிய மருந்து, வைரஸின் மரபுச் செய்தியையே தடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வாரம் ஓர் ஊசியாக 24 வாரம் போட்டு, மேலும் 24 வாரம் கழித்துச் சோதித்ததில், சிறந்த பயன் கண்ட பிரிவில் 9 முதல் 10 விழுக்காட்டினருக்கு மேலுறைப் புரதமும் வைரஸும் இரத்தத்தில் காணப்படவில்லை. பத்தில் ஒருவர். இதைத்தான் கல்லீரல் மருத்துவ உலகம் பெரிய முன்னேற்றம் என்று வரவேற்றது. எங்களுக்கும் அதில் மெய்யான மகிழ்ச்சி உண்டு. பல்லாயிரம் கோடிச் செலவிலும் முப்பதாண்டு உழைப்பிலும் பத்து விழுக்காடுதான் எட்ட முடிகிறது என்றால், 1988-இன் 59 விழுக்காட்டை நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பது விளங்கும். நாளைக் காலை செய்தித்தாளில் 'கல்லீரல் நோய்க்கு அற்புத மருந்து' என்று படித்தாலும், அது அமெரிக்க மருந்தானாலும் நம் ஊர் மூலிகையானாலும், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எவரோடு ஒப்பிட்டார்கள், வேறோர் ஊரில் வேறொருவர் செய்து பார்த்தபோதும் அதே பயன் கிடைத்ததா என்று கேளுங்கள்.

அப்படியானால் ஹெபடைடிஸ் பி நோயில் உண்மையாகவே முன்னேற்றம் எங்கே நிகழ்ந்தது? பிளம்பெர்க் கண்ட அதே மேலுறைப் புரதத்திலிருந்து பிறந்த தடுப்பூசியில்தான். தைவான் நாடு 1984-இல் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் அங்கே 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு தடுப்பூசி ஒரு புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு உலகம் கண்ட முதற்சான்று இது. இந்தியாவில் 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இதை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கிய பிறகு விலை வெகுவாக இறங்கியது. 2002-இல் சில பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுத் திட்டம் 2011-இல் நாடு முழுவதும் விரிந்தது. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாக வரும் ஐந்தின் கூட்டுத் தடுப்பூசியில் இதுவும் ஒன்று. அதை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும் ஆகும்.

இவ்விடத்தில் ஓர் ஆதங்கத்தையும் பதிவு செய்கிறோம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில், நடுவண் அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் இருக்கிறது. 2012-இல் ஒப்புதல் பெற்ற அதன் பட்டியலில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் உண்டு. கட்டடமும் கருவிகளும் அமைந்த பின்னும் அங்கே உற்பத்தி தொடங்காததால், 2021 மே மாதம் முதலமைச்சர் நேரில் சென்று பார்த்து, மாநில அரசிடம் குத்தகைக்குத் தருமாறு நடுவண் அரசைக் கேட்க நேர்ந்தது. கல்லீரலைக் காக்கும் ஊசி நம் மாவட்டத்து மண்ணிலேயே பிறந்திருக்கலாம்.

தடுப்பூசியில் நேரம் முதன்மையானது. பெரியவர் ஒருவருக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் உடலே அதை வென்றுவிடும். ஆனால் பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் நூற்றில் 90 பேருக்கு அது வாழ்நாள் நோயாகத் தங்கிவிடுகிறது. ஆகவேதான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும் என்கிறோம். தாய்க்குத் தொற்று இருப்பது முன்பே தெரிந்தால், குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடலாம். தாயின் இரத்தத்தில் வைரஸின் அளவு மிகுதியாக இருந்தால், கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவருக்கு டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பதால் குழந்தைக்குப் பரவுவது பெரிதும் குறைகிறது என்பது 2016-இல் சீனாவில் நடந்த ஆய்வில் தெளிவாயிற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த தலைமுறையில் இந்நோயை அரிதாக்கிவிடலாம். எங்களைக் கேட்டால், கடந்த பத்தாண்டுகளில் கல்லீரல் மருத்துவத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றமாக இதைத்தான் சொல்வோம். இதில் பரபரப்பு இல்லாததால் செய்தியாக வருவதில்லை.

ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு வருவோம். டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடியோடு அழிப்பதில்லை, பெருகாமல் அடக்கிவைக்கின்றன. அடங்கியிருக்கும் காலம் வரை கல்லீரல் மேலும் கெடாமல் இருக்கிறது. பலருக்குத் தழும்பும் மெல்ல ஆறுகிறது. இதில்தான் எங்களுக்குப் பேரச்சம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று ஆண்டு மாத்திரை உண்டு, 'இரத்தத்தில் வைரஸ் இல்லை' என்று அறிக்கை வந்ததும், நோய் தீர்ந்தது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுகிறார்கள். அடங்கியிருந்த வைரஸ் சில மாதங்களில் சீறி எழலாம். அப்படி எழும்போது வரும் காமாலை, முதலில் நாம் பேசிய தானாக இறங்கும் காமாலையன்று. கல்லீரல் முற்றிலும் செயலிழக்கும் அளவுக்குப் போகக்கூடியது. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து அவ்வாறு வந்த ஒருவரின் மனைவி எங்களிடம் கேட்டார்: "மாத்திரையை விட்டுட்டு இதைக் குடின்னு யாரும் சொல்லலீங்களே, அவராத்தான் விட்டாரு." உண்மைதான். கீழாநெல்லி நேரடியாக அவருக்குக் கெடுதல் செய்திருக்க வேண்டியதில்லை. அது மாத்திரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே கெடுதலாயிற்று.

உங்கள் வீட்டில் ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் இருந்தால், மாத்திரையை எங்களைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். வீட்டிலுள்ள மற்றவர்கள் அனைவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதே வேளையில் தனித் தட்டு, தனித் தம்ளர், தனி அறை என்று அவரை ஒதுக்கிவைக்கத் தேவையே இல்லை. சேர்ந்து உண்பதால் இது பரவாது. கட்டி அணைப்பதால் பரவாது. குழந்தைக்குத் தாய்ப்பாலும் தரலாம். முகம் மழிக்கும் பிளேடும் பல் துலக்கும் பிரஷும் தனியாக இருந்தால் போதும்.

ஹெபடைடிஸ் சி பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அது ஏறக்குறைய வென்று முடித்த போர். 1989-இல் வைரஸைக் கண்டறிந்தார்கள். 2013-இல் சோஃபோஸ்புவிர் வந்தது. இப்போது 12 வார மாத்திரையில் நூற்றில் 95 பேர் முழுதாகக் குணமடைகின்றனர். கண்டறிந்த மூவருக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்ட மருந்து அது. இங்கே, 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். பணமில்லை என்பதற்காக எவரும் மாத்திரையை விட வேண்டியதில்லை.

இன்னும் சில வகைக் காமாலைகள் இருக்கின்றன. அவற்றில் பத்தியமும் மூலிகையும் காலத்தை வீணாக்கும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலோ, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வந்தாலோ பித்தம் இறங்க வழியின்றிக் காமாலை வரும். அரிப்பும், வெளுத்த மலமும், கரும்பழுப்புச் சிறுநீரும் அதன் அடையாளங்கள். அடைப்பை நீக்குவதே மருத்துவம். இன்று அதைப் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமலே, வாய் வழியாகச் செலுத்தும் எண்டோஸ்கோப்பி மூலம் செய்துவிடுகிறோம். பிறந்து இரண்டு வாரமாகியும் குழந்தையின் கண்ணில் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பித்தநாளமே உருவாகாத பிறவிக் குறையாக அது இருக்கலாம். 60 நாளைக்குள் அறுவை செய்தால்தான் நல்ல பயன் கிடைக்கும். 1998 நவம்பரில் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட குழந்தைக்கு இருந்த நோய் இதுவே. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை அது. தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அக்குழந்தை வளர்ந்து இன்று மருத்துவராகியிருக்கிறார்.

கல்லீரல் மாற்று பற்றிப் பேசும்போது திருக்கழுக்குன்றத்தை நினைக்காமல் இருக்க இயலாது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது இதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் கொடையாக அளித்த பிறகே தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை என்பது வீட்டுத் திண்ணைகளில் பேசப்படும் சொல்லாயிற்று. அந்தக் கொடையை நம்பி இன்றும் பலர் பட்டியலில் காத்திருக்கின்றனர். அவர்களில் சிலர் முன்பே ஓர் இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அப்பட்டியலுக்கே வந்திருக்க வேண்டியதில்லை.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்காகச் சீந்தில் கொடியைப் பலர் நாள்தோறும் காய்ச்சிக் குடித்தனர். அதனால் கல்லீரல் பாதிப்புற்ற 43 பேரைப் பற்றி, நாட்டின் பல மருத்துவமனைகளைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர்கள் 2022-இல் எழுதியிருக்கின்றனர். ஆயுஷ் அமைச்சகம் சீந்திலுக்கும் கல்லீரல் பாதிப்புக்கும் தொடர்பு கூறுவதை ஏற்கவில்லை. எங்கள் பட்டறிவில், முன்பே கல்லீரல் நோயோ தன்னெதிர்ப்பு நோயோ உள்ளவர்கள் இதில் விளையாடிப் பார்க்கக் கூடாது. 1988 ஆய்வில் கீழாநெல்லியால் பெரிய தீங்கு காணப்படவில்லை என்பதும் உண்மை; ஆனால் அது இனங்கண்டு பறித்து, தூய்மையாக்கி, அளந்து கொடுத்த தூள். பேருந்து நிலையத்து வாசலில் பெயரில்லாப் புட்டியில் விற்பது அதுவன்று.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பது எங்கள் கருத்து. தாம்பரம் சானடோரியத்தில், நம் மாவட்டத்துக்குள்ளேயே, தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1988-இல் இல்லாத கருவிகள் இன்று நம்மிடம் உள்ளன: வைரஸின் அளவைத் துல்லியமாக எண்ணிச் சொல்லும் சோதனை, தழும்பை ஊசியின்றி அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், செடியின் சத்தை அளந்து தரப்படுத்தும் வேதியியல். சித்த மருத்துவர்களும் நாங்களும் சேர்ந்து, வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் அதனோடு கூடுதலாகக் கீழாநெல்லியைக் கொடுத்து, சில நூறு பேரிடம் இரண்டு மூன்று ஆண்டு முறையாகச் சோதிக்கலாம். பயன் இருந்தால் உலகுக்கே சொல்லலாம். இல்லையென்றால் அதையும் உரக்கச் சொல்லலாம். 'அலோபதிக்காரர்கள் மூலிகையை மறைக்கிறார்கள்' என்பதும், 'மூலிகையெல்லாம் மூடநம்பிக்கை' என்பதும் சோதித்துப் பார்க்கும் உழைப்பைத் தவிர்க்க விரும்புகிறவர்களின் பேச்சு.

கொழுப்புக் கல்லீரல் பற்றி இரண்டு சொற்கள். மது அருந்தாதவர்களுக்கும் சர்க்கரை நோயோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் இந்நோய்க்கு, 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமக்ளூடைடு ஊசிக்கும் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இவை மெய்யான முன்னேற்றங்களே. ஆனால் தழும்பு ஓரளவு முற்றியவர்களுக்கே உரியவை. மற்றவர்களுக்கு உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காட்டைக் குறைப்பது இன்னமும் முதல் மருந்து. 80 கிலோ எடையுள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைக்க வேண்டும் என்பது இதன் பொருள். அது எளிதென்று நாங்கள் சொல்லவில்லை.

இப்போது முதற்கேள்விக்கு வருகிறோம். "கீழாநெல்லி கொடுக்கலாமா?" என்று நீங்கள் கேட்டால் நாங்கள் சினம் கொள்ள மாட்டோம். என்ன காமாலை என்று முதலில் ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் செய்து பார்த்துவிடுவோம் என்பதே எங்கள் விடையாக இருக்கும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அன்றைக்கே வாருங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் இ உயிருக்கே இடராகலாம். நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ பரிசோதனைக்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ஏற்கெனவே ஏதேனும் நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அந்தப் புட்டியையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்து வாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று அறிவது எங்களுக்கு நூறு கேள்விகளை மிச்சப்படுத்தும். உப்பையும் எண்ணெயையும் அடியோடு நிறுத்திப் பட்டினி போடாதீர்கள்; வீங்கிய வயிறு இல்லாத காமாலை நோயாளி வழக்கமான வீட்டுச் சாப்பாட்டை உண்ணலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருடைய தாய் சேய் நல அட்டையை இன்றைக்கே எடுத்து, ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிவு அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே அது இலவசம்.